தேவையறிந்து சேவை கோத்தல்: இணையச் சேவைத் தேர்வு முறைகளும் சென்னைப் பயணமும்

முன்னுரை

ஒரு பணியை ஒருவரே முற்ற முடிக்கும் நிலை மாறி, பலர் பகுத்துச் செய்தவற்றை ஒன்றாகக் கூட்டிப் பயன்கொள்ளும் நிலை இன்று எல்லாத் துறைகளிலும் காணப்படுகின்றது. கணிப்பொறி உலகும் இதற்கு விலக்கன்று. ஓரிடத்தில் வழி காட்டும் சேவை, பிறிதோரிடத்தில் வண்டி வரும் நேரம் கூறும் சேவை, மற்றோரிடத்தில் பணம் பெறும் சேவை என இணையத்தில் சேவைகள் பிரிந்து கிடக்கின்றன. மக்களுக்கு வேண்டுவதோ இவை தனித்தனியே அல்ல; இவையெல்லாம் கூடித் தரும் ஒரு பயனே. எனவே, பலவற்றுள் தக்கனவற்றைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு, எடுத்தவற்றைக் கோப்பது எவ்வாறு என்னும் இரண்டு வினாக்கள் எழுகின்றன.

இவ்வினாக்களைக் கணிப்பொறி அறிஞர்க்கே உரியன என்று விட்டுவிடுதல் வழக்கமாக உள்ளது. ஆயினும், தேவையைச் சொல்லால் உணர்த்துதல், சொல்லுக்குப் பொருள் வரையறுத்தல், வேறுபட்ட கூறுகளைப் புணர்த்துதல் ஆகிய மூன்றும் இத்துறைக்கு அடிப்படையாதலின், மொழி பயில்வோர்க்கும் இதன்கண் பங்கு உண்டு எனக் கருதுகின்றோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் நாள்தோறும் நிகழும் பயணத்தைச் சான்றாகக் கொண்டு இம்முறைகளை விளக்குவதும், அவற்றுள் எந்த இடத்தில் பயன்கொள்வோரின் உரிமை அடங்கியிருக்கின்றது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இணையச் சேவை

இணையச் சேவை என்பது, ஒரு கணிப்பொறி பிறிதொரு கணிப்பொறிக்கு வரையறுத்த முறையில் விடையளிக்கும் ஏற்பாடு ஆகும். இன்ன வினாவை இன்ன வடிவில் கேட்டால் இன்ன விடை இன்ன வடிவில் கிடைக்கும் என்பது முன்னரே எழுதிவைக்கப்பட்டிருக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி இதற்கென மூன்று வரையறைகள் தோன்றின. செய்தி செல்லும் வடிவத்தைச் 'சோப்' என்பதும், சேவையின் இலக்கணத்தை 'டபிள்யூ.எஸ்.டி.எல்.' என்பதும், சேவைகளின் பெயர்ப் பதிவேட்டை 'யு.டி.டி.ஐ.' என்பதும் வகுத்தன. உலகிலுள்ள சேவைகள் எல்லாம் ஒரு பதிவேட்டில் இடம்பெறும். வேண்டுவோர் அதனைப் புரட்டித் தக்கதை எடுத்துக்கொள்வர் என்பது அக்கால எதிர்பார்ப்பு. அது நிறைவேறவில்லை. ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், எஸ்.ஏ.பி. ஆகிய நிறுவனங்கள் நடத்திய பொதுப் பதிவேடுகள் 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டன. பெயரைப் பட்டியலிடுவது எளிது. அப்பெயரால் குறிக்கப்படுவது நம் தேவைக்குப் பொருந்துமா என அறிவதே அரிது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

சென்னையில் இதற்கு நேரான ஒரு முயற்சியை இன்று காணலாம். பேருந்தை மாநகர் போக்குவரத்துக் கழகமும், புறநகர் இரயிலையும் பறக்கும் இரயிலையும் தென்னக இரயில்வேயும், மெட்ரோவைச் சென்னை மெட்ரோ இரயில் நிறுவனமும் தனித்தனியே நடத்தி வந்தன. ஒவ்வொன்றுக்கும் வேறு சீட்டு, வேறு கால அட்டவணை, வேறு செயலி. இவற்றை ஒருமுகப்படுத்தும் பொருட்டுச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுக்கப்பட்டது. அக்குழுமத்தின் சார்பில் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்னும் செயலி தொடங்கப்பெற்றது. பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில், ஆட்டோ, வாடகைக் கார் ஆகியவற்றை ஒரே பயணமாகத் திட்டமிடவும், ஒரே கியூ.ஆர். சீட்டால் செல்லவும் அது வழிவகுத்தது. சேவைகளைக் கோத்தல் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இதுவே.

2. பெயரும் பொருளும்

கோப்பதற்கு முன் தெரிதல் வேண்டும். தெரிவதற்கு முன் கேட்பவர் சொல்லும் சொல்லின் பொருள் விளங்குதல் வேண்டும். 'தி. நகர் இரயில் நிலையத்துக்குப் போகவேண்டும்' என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். அப்பெயருடைய நிலையம் ஒன்றும் இல்லை; தியாகராய நகர்க்கு உரிய புறநகர் இரயில் நிலையம் மாம்பலம் என்னும் பெயருடையது. மயிலை, மயிலாப்பூர், திருமயிலை என்பன ஓரூரின் பெயர்கள். ஆயினும் பறக்கும் இரயில் நிலையத்திற்குத் திருமயிலை என்பதே பெயர். மக்களோ அதனை லஸ் நிலையம் என்றும் வழங்குவர். அடையாறு என்னும் பெயரில் பறக்கும் இரயில் தடத்தில் நிலையம் இல்லை. அடையாற்று மக்கள் கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் ஆகிய நிலையங்களை நாடுவர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறி இவ்விடங்களிலெல்லாம் 'இல்லை' என்றே விடை கூறும். கேட்டவர் தம்மிடத்துப் பிழை உள்ளதெனக் கருதி ஒதுங்கிவிடுவார்.

இக்குறையை நீக்கவே பொருள்வழிப் பொருத்தம் என்னும் முறை தோன்றியது. சொற்களுக்கிடையே உள்ள உறவினைப் பொறிக்கு விளங்குமாறு எழுதிவைத்து, அவ்வுறவின் வழியே பொருத்தம் காண்பது இம்முறை. 2002-இல் மாசிமோ பவலூச்சி முதலியோர் இப்பொருத்தத்தை நால்வகைப்படுத்தினர். கேட்டதும் கிடைப்பதும் ஒன்றேயாதல் முதல் வகை. கிடைப்பது கேட்டதனை உள்ளடக்கிய பொதுமையுடையதாதல் இரண்டாவது. கிடைப்பது கேட்டதன் ஒரு பகுதியாதல் மூன்றாவது. யாதோர் உறவும் இன்மை நான்காவது. அடையாறு கேட்டார்க்குக் கஸ்தூரிபா நகரைக் காட்டுதல் மூன்றாம் வகையின்பாற்படும்.

தமிழர்க்கு இது புதுமையன்று. பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்த திவாகர நிகண்டு, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்ததோடு அமையாது, ஒரு சொல் பல பொருள் குறிக்குமாற்றைப் பதினொன்றாம் தொகுதியிலும், பல பொருட் கூட்டத்திற்கு வழங்கும் ஒரு பெயரைப் பன்னிரண்டாம் தொகுதியிலும் வைத்துள்ளது. இன்றைய பொறிக்கு வேண்டுவதும் இத்தகைய ஊர்ப்பெயர் நிகண்டே. அதனைத் தொகுக்க வல்லவர், வழக்காறு அறிந்த மொழி மாணவர் அல்லரோ?

3. சேவைப் புணர்ச்சி

தெரிந்தெடுத்த சேவைகளைத் தொடுக்கும்போது, முன்னதன் முடிவு பின்னதன் தொடக்கத்தோடு இயைதல் வேண்டும். இதனை விளக்க நம் இலக்கண நூல்களின் புணர்ச்சி விதியைவிடப் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலுமே புணர்ச்சியை முடிவு செய்கின்றன. சொற்களின் நடுவெழுத்துகள் யாவையாயினும் கேடில்லை. அவ்வாறே, ஒரு சேவை தன்னுள் எவ்வாறு இயங்கினும் ஆகுக. அது தரும் விடையும் அடுத்தது கேட்கும் செய்தியும் ஒத்தல் ஒன்றே வேண்டப்படுவது.

அவை ஒத்தவழி இயல்பாகப் புணரும். ஒவ்வாதவழி நன்னூலார் கூறும் மூவகை விகாரமும் இங்கும் வேண்டப்படும். பேருந்துச் சேவை நிறுத்தத்தின் பெயரை மட்டும் தர, வழிகாட்டும் சேவை அதன் நிலப்பட அளவினையும் வேண்டினால், இடையில் அவ்வளவினைச் சேர்த்தல் தோன்றல் போல்வது. ஒன்று பிற்பகல் 2.50 என்று கூற, மற்றது 14.50 என்றே ஏற்குமாயின், மாற்றித் தருதல் திரிதல் போல்வது. வேண்டாத செய்தியை நீக்கித் தருதல் கெடுதல் போல்வது. இம்மூன்றையும் செய்யும் இடைநிலை நிரல்களை எழுதுவதிலேயே கோப்பவரின் உழைப்பிற் பெரும்பகுதி கழியும்.

விகாரம் மிகாமல் இருக்க ஒரே வழி பொது வரையறை ஆகும். 2005-இல் அமெரிக்க நாட்டுப் போர்ட்லண்ட் நகரின் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் கூடி, தடம், நிறுத்தம், நேரம் ஆகியவற்றை எழுதும் முறையொன்றை வகுத்தன. 'ஜி.டி.எப்.எஸ்.' எனப்படும் அவ்வரையறை பின்னர் உலக நகரங்கள் பலவற்றிற்கும் பொதுவாயிற்று. நள்ளிரவு கடந்து ஓடும் வண்டியின் நேரத்தை 24-க்கு மேற்பட்ட மணியாக எழுதுதல் அதன் மரபு. முதல் நாள் புறப்பட்ட வண்டி மறுநாள் வண்டியாக மயங்காமல் இருத்தற்கு அச்சிறு விதி உதவுகின்றது.

4. தரத்தை அளக்கும் முறை

ஒரே பயனைத் தரும் சேவைகள் பல இருக்குமாயின், அவற்றுள் ஒன்றைத் தேர்தற்குத் தரம் துணை செய்கின்றது. விலை, காலம், நம்பகம் ஆகிய மூன்றும் தர அளவைகளுள் தலையாயவை. தனிச் சேவையின் தரத்திலிருந்து முழுக்கோவையின் தரத்தைக் கணிக்கும்போது மூன்றையும் ஒருவாறே கணித்தல் ஆகாது. தொடர்ந்து நிகழும் சேவைகளின் விலையையும் காலத்தையும் கூட்டுதல் வேண்டும். நம்பகத்தையோ பெருக்குதல் வேண்டும். பத்துக்கு ஒன்பது முறை தவறாது கிட்டும் சேவைகள் மூன்றனைத் தொடுத்தால், தொடரின் நம்பகம் 0.9 × 0.9 × 0.9 = 0.729 என்றாகும். அஃதாவது, ஒவ்வொன்றும் நன்றெனத் தோன்றினும், நான்கு பயணங்களில் ஒன்று தவறக்கூடும். கண்ணிகள் மிகுந்தோறும் சங்கிலி நலிவுறும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாறு தர அளவைகளை வகுத்து, அவற்றிற்கு நிறையிட்டுக் கூட்டி, முழுக்கோவையின் மதிப்பைக் காணும் முறையை 2004-இல் செங், பெனத்தல்லா முதலியோர் விரிவாக எழுதினர். பின்வந்த ஆய்வுகளுட் பல அதனை அடியாகக் கொண்டவையே.

5. உறுப்பின் சிறப்பும் முழுமையின் சிறப்பும்

ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்ததனைத் தேர்ந்தால் முழுமையும் சிறந்ததாகிவிடும் எனத் தோன்றும். இஃது உண்மையன்று என்பதைக் கற்பித எண்கள் கொண்ட ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

மயிலாப்பூர்க் குளக்கரையிலிருந்து பிற்பகல் 2.00 மணிக்கு ஒருவர் தாம்பரம் புறப்படுகின்றார். மாம்பலத்திலிருந்து தாம்பரத்திற்கு 2.15-க்கு ஒரு வண்டியும் 2.50-க்கு ஒரு வண்டியும் உள்ளன எனவும், பயணம் 35 நிமிடம் எனவும் கொள்வோம். முதற்கோவை: பேருந்தில் 2.35-க்குத் தி. நகர்ப் பேருந்து நிலையம். அங்கிருந்து மாம்பலம் நிலையத்தை இணைக்க 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைமேம்பாலத்தின் வழியே 2.45-க்கு நிலையம், 2.50 வண்டியில் 3.25-க்குத் தாம்பரம், செலவு 20 ரூபாய். இரண்டாம் கோவை: ஆட்டோவில் 2.20-க்கு மாம்பலம், முன்வண்டி சென்றுவிட்டமையால் அதே 2.50 வண்டி; 3.25-க்குத் தாம்பரம், செலவு 130 ரூபாய். மூன்றாம் கோவை: ஆட்டோவிலேயே 3.00 மணிக்குத் தாம்பரம். செலவு 450 ரூபாய்.

முதற்கட்டத்தை மட்டும் விரைவு நோக்கித் தேர்ந்தால் பேருந்தைவிட ஆட்டோவே சிறந்தது. ஆயின், அவ்விரைவு முழுப்பயணத்தில் ஒரு நிமிடத்தையும் மீத்துத் தரவில்லை. 110 ரூபாய் கூடுதலாகச் செலவானதே கண்ட பயன். ஆதலின் கட்டந்தோறும் தேர்தலை விடுத்து, முழுக்கோவைகளை ஒப்பிடுதல் முறையாகின்றது.

இதில் இடர் ஒன்று உண்டு. கட்டங்கள் ஆறாய், ஒவ்வொன்றிற்கும் பத்துச் சேவைகள் இருப்பின், கோவைகள் பத்து இலட்சமாகப் பெருகும். ஓரளவை மட்டும் கருதினால், 1959-இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட குறுவழி முறை போல்வன விரைவில் விடை காணும். பல அளவைகளோடு 'இத்தொகைக்கு மேற்படலாகாது' போன்ற வரம்புகளும் சேரின் கணக்கு மிகக் கடினமாகும். அந்நிலையில் முழுஎண் நிரலாக்கம் என்னும் கணித முறையையோ, துல்லியம் சிறிது குறையினும் விரைவில் விடைதரும் தோராய முறைகளையோ கையாள்வர்.

தேர்வுக்களத்தைச் சுருக்க மற்றொரு முறையும் உண்டு. 2001-இல் தரவுத்தள ஆய்வாளர் வகுத்த அம்முறையை 'வானவிளிம்பு' எனலாம். தொலைவிலிருந்து நகரை நோக்குவார்க்கு உயர்ந்த கட்டடங்களே வானின் விளிம்பில் தோன்றி, பிற மறைவது போல, எவ்வகையிலும் பிறிதொன்றிற்கு மேம்படாத கோவைகளை நீக்கிவிடுவது அதன் இயல்பு. மேற்காட்டியவற்றுள் விலையும் காலமும் மட்டும் கருதின் இரண்டாம் கோவை நீங்கும். அது முதற்கோவையினும் விரைவுடையதன்று, விலையோ மிகுதி. நம்பகத்தையும் சேர்த்துக்கொண்டால் நிலை மாறுகின்றது. பேருந்து ஐந்து நிமிடத்திற்கு மேல் தாழ்ப்பின் 2.50 வண்டி தவறும். ஆட்டோவில் சென்றார்க்கு அரைமணி இடைவெளி உண்டு. எந்த அளவைகளைக் கருதுகின்றோம் என்பதே எது கண்ணுக்குத் தெரியும் என்பதை முடிவு செய்கின்றது.

6. நிறை யாருடையது?

மூன்று கோவைகளின் நம்பகத்தை முறையே 0.76, 0.94, 0.90 எனக் கற்பித்துக்கொள்வோம். ஒவ்வோரளவையிலும் சிறந்ததற்கு 1, கடையாயதற்கு 0, இடைப்பட்டதற்கு அதற்கேற்ற பின்னம் என மதிப்பிட்டால், விலையில் முறையே 1, 0.74, 0, காலத்தில் 0, 0, 1, நம்பகத்தில் 0, 1, 0.78 என வரும். இனி மூவர் இப்பயணத்தை மேற்கொள்கின்றனர். நாள்தோறும் சென்றுவரும் கூலித்தொழிலாளி விலைக்கு 0.8, ஏனைய இரண்டிற்கும் 0.1 என நிறையிடுவார். அவர்க்கு முதற்கோவை 0.80 பெற்று முந்தும். தேர்வெழுதச் செல்லும் மாணவி நம்பகத்திற்கு 0.7, விலைக்கு 0.2, காலத்திற்கு 0.1 என இடுவாள்; அவட்கு இரண்டாம் கோவை 0.85 பெற்று முந்தும். நோயுற்ற உறவினரைக் காண விரைபவர் காலத்திற்கு 0.6, நம்பகத்திற்கு 0.3, விலைக்கு 0.1 என இடுவார். அவர்க்கு மூன்றாம் கோவை 0.83 பெற்று முந்தும். சேவைகள் மாறவில்லை, கணக்கு மாறவில்லை. நிறை மாற, முடிவு மாறிற்று.

ஆதலின், 'சிறந்த வழி' என்று பொறி காட்டும்போது, யாருடைய நிறையால் சிறந்தது என வினவுதல் வேண்டும். பெரும்பாலோர் நிறையை மாற்றுவதில்லை. மாற்றலாம் என்பதையும் அறிவதில்லை. அவர்க்கெல்லாம் செயலியை ஆக்கியோன் முன்னரே இட்ட நிறையே ஊழ்போல் அமைகின்றது. விரைவுக்கு மிகுநிறை இட்ட பொறி, வறியவரையும் நாள்தோறும் விலைமிக்க வழியிலேயே செலுத்தும். அவரும் அதனையே அறிவுடைய வழி என நம்புவர்.

விலை என்பதும் சேவையின் தனிப்பண்பு அன்று. 2021 மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. திருநங்கையர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் பின்னர் அது விரிந்தது. இதன் விளைவாக ஒரே பேருந்தின் விலை, ஏறுபவரைப் பொறுத்து வேறாகின்றது. அதே தடத்திற் செல்லும் விரைவுப் பேருந்துக்கு அச்சலுகை இல்லை. மயிலாப்பூரில் வீட்டுவேலை முடித்து இல்லம் திரும்பும் பெண்ணுக்குப் பத்து நிமிடம் காத்திருந்து சாதாரணப் பேருந்தில் ஏறுதல் ஒரு திங்களில் குறிப்பிடத்தக்க மிச்சமாகும். ஏறுபவர் யார் எனக் கேளாத பொறி, முதலில் வரும் வண்டியையே அவர்க்குக் காட்டும். விலையைப் பயணிக்கும் வண்டிக்கும் இடையேயான உறவாகக் கொண்டு கணிப்பதே இங்கு நேரிய முறை.

இனி, நிறையிட்டு எடைபோடத் தகாத தேவைகளும் உள. சக்கர நாற்காலியில் செல்வார்க்குப் படிகளே உள்ள வழி, விலை குறைந்தது, விரைவானது என்னும் காரணங்களால் ஏற்புடையதாகிவிடாது. இத்தகையவற்றை விலக்கும் தேவைகள் எனவும், ஏனையவற்றை விழையும் தேவைகள் எனவும் பகுக்கலாம். விலக்கும் தேவையால் முதலில் களைந்து, எஞ்சியவற்றையே விழையும் தேவையால் எடைபோடுதல் வேண்டும். 2024-இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. எந்தப் பேருந்து தாழ்தளமுடையது என்னும் செய்தி சேவையின் விடையில் இடம்பெறுமாயின்தான் அவ்வண்டி அதற்குரியாரைச் சென்றடையும்.

7. அறுந்த கண்ணி

கோத்த கோவை என்றும் நிலைப்பதில்லை. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இலும், திருமயிலை வரை 1997-இலும், திருவான்மியூர் வரை 2004-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் நீண்டது பறக்கும் இரயில் தடம். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் பாதை அமைக்கும் பணிக்காக, 2023 ஆகஸ்டு இறுதி முதல் 2024 அக்டோபர் இறுதி வரை, கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டைப் பகுதியில் இவ்வண்டிகள் நிறுத்தப்பட்டன. அடையாற்றிலிருந்து பூங்கா நகரில் இறங்கிச் சென்ட்ரல் நிலையத்தை அடைந்து வந்தோர் சிந்தாதிரிப்பேட்டையிலேயே இறங்கி வேறு வழி தேட நேர்ந்தது. பதினான்கு திங்கள் நீடித்த இடையூறு இது.

சேவைக் கோப்பில் இதற்கு இருவழி கூறுவர். அறுந்த கண்ணிக்கு மட்டும் மாற்றுத் தேடுதல் ஒன்று. முழுக்கோவையையும் புதிதாகக் கணித்தல் மற்றொன்று. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்குப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்தல் முதல் வழி. இரயிலை விடுத்து அடையாற்றிலிருந்தே பேருந்தில் செல்லுதல் இரண்டாவது. பயணத்தின் நடுவில் இருப்பார்க்கு முன்னதும், இனிப் புறப்படுவார்க்குப் பின்னதும் பொருந்தும். முன்னர்க் காட்டிய உண்மை இங்கும் நினைக்கத்தக்கது: அறுந்த இடத்தில் சிறந்த மாற்றினைப் பொருத்துவது, முழுமைக்குச் சிறந்ததாக அமையும் என்னும் உறுதி இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சேவைத் தேர்வு என்பது பெயர்ப்பொருத்தம், புணர்ச்சி, தர அளவை, முழுமை நோக்கிய ஒப்பீடு, இடையூற்றின்கண் மீள்கோப்பு என்னும் படிகளை உடையது என்பது பெறப்படும். இவற்றுட் பெரும்பாலன கணித முறைகளால் செம்மை பெற்றுவிட்டன. செம்மை பெறாது நிற்பவை தொடக்கமும் நடுவுமாகிய இரண்டே: மக்கள் தம் தேவையைத் தம் சொல்லால் கூறப் பொறி அதனை உணர்தல்; தேவைக்கு நிறையிடும் உரிமை தேவையுடையாரிடமே இருத்தல்.

ஆகவே, பொதுமக்களுக்கென அமைக்கப்பெறும் இத்தகைய செயலிகள் மூன்று கடப்பாடுகளை ஏற்றல் வேண்டும் என முடிக்கின்றோம். எந்த அளவையை முன்னிட்டு வழிகள் வரிசைப்படுத்தப்பட்டன என்பதை எளிய தமிழில் காட்டுதல் ஒன்று. விலை, காலம், நம்பகம் என்பவற்றுள் எது முதன்மையானது எனப் பயணியை ஒருமுறையேனும் கேட்டல் இரண்டு. லஸ் என்றாலும் மயிலை என்றாலும் திருமயிலை என்றாலும் ஓரிடமே என உணரும் ஊர்ப்பெயர்த் தொகுதியைச் சேர்த்தல் மூன்று. முதல் இரண்டும் ஆட்சியாளர், பொறியாளர் ஆகியோர் பணி. மூன்றாவது, தமிழ்த்துறை மாணவர் தெருத்தெருவாகச் சென்று வழக்குச் சொல் தொகுத்துச் செய்யத்தக்க பணி. மயிலாப்பூரில் தொடங்கித் தியாகராய நகர், அடையாறு என விரித்தால், ஓராண்டுக் களப்பணியில் முதற்பகுதி நிறைவுறும்.